பச்சைப் பொத்தானும் பின்னறைப் பிள்ளையும்

திங்கட்கிழமை காலை நான் கைப்பையை மேசையில் வைக்கவும் இல்லை, தனுஷா கத்தத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, என்ர பட்டனைக் காணேல்லை!"

நெளுக்குளத்தில் நான் வேலை செய்யும் அலுவலகம் சின்னது. நாலு பேர், நாலு கணினி, ஓயாமல் முனகும் ஒரு காற்றாடி. அவ்வளவுதான். வார விடுமுறைக்குள் கணினிகள் தங்கள் பாட்டில் தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. இடது கீழ்மூலையில் எத்தனையோ வருடங்களாகக் குடியிருந்த பொத்தான் நடுவுக்கு நகர்ந்திருந்தது. பெட்டிகளின் மூலைகளெல்லாம் தேய்ந்த சவர்க்காரக் கட்டி போல வளைந்து கிடந்தன. தனுஷாவுக்கு இருபத்திரண்டு வயது. கைப்பேசியில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் செய்வாள். அவளே அழுவாரைப் போல இருந்தாள். "நல்லா இருந்ததை ஏன் மாத்தினவங்கள்? நாங்கள் கேட்டனாங்களே?"

நான் போய் இருந்து, பொத்தானைப் பழையபடி மூலைக்குக் கொண்டுபோய் விட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, எங்கே தேடுவதென்று தெரிந்தால் போதும். அவளோ நான் தேர் இழுத்துக் காட்டியது போலப் பார்த்தாள். "எப்பிடியக்கா தெரியும்?"

"முந்தியும் ஒருக்கா இப்பிடி நடந்தது" என்றேன். அத்தோடு விட்டுவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் மின்சாரம் நின்று, பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேற்றரைப் போட்டார். ஜன்னலால் அந்தப் புகை உள்ளே வந்ததும், விட்ட இடத்திலிருந்து எல்லாம் திரும்பவும் தொடங்கியது. தனுஷாவுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஜெனரேற்றர் புகையும் கணினியும் ஒன்றுதான். கிளிநொச்சியில், கண்டி வீதியில், ஜவாஹிர் நானாவின் கணினிக் கடை முழுக்க அந்த மணம்தான். ஜெனரேற்றரைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது அது ஒரு தரம் இருமும். அந்த இருமலோடு திரைகளெல்லாம் ஒரு கணம் சுருங்கி விரியும். அரசாங்கமும் இயக்கமும் சண்டையை நிறுத்தி வைத்திருந்த சமாதான காலம் அது. பாதை திறந்து, பேருந்தும் லொறியும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்துபோன காலம்.

நானா முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். இளவயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, பாதை திறந்ததும் திரும்பி வந்தவர். மனைவி பிள்ளைகளைப் புத்தளத்திலேயே விட்டுவிட்டு, இங்கே ஐந்து கணினிகளோடு குடும்பம் நடத்தினார். என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், நான் வவுனியாவில் மூன்று மாதம் கணினி படித்திருந்தது. கணினியின் பெட்டியைத் திறக்க எனக்குப் பயம், உள்ளே ஏதாவது பாய்ந்துவிடும் என்று. ஆனாலும் கிளிநொச்சியில் நான் 'கொம்பியூட்டர் மிஸ்'.

அப்போது திரையெல்லாம் சாம்பல் நிறம். தொண்ணூற்றெட்டாம் ஆண்டுப் பதிப்பு, தொண்ணூற்றெட்டு என்று சொல்லுவோம். அரசாங்கக் கட்டடத்து மதில் போன்ற ஒரு நிறம், சதுரச் சதுரமான பொத்தான்கள். அழகென்று ஒருவரும் சொல்லவில்லை, அசிங்கமென்றும் சொல்லவில்லை. வாசல் படியைப் பார்த்து யாராவது அபிப்பிராயம் சொல்வார்களா?

புதன்கிழமைகளில் யோசப்பின் என்ற அக்கா வருவார். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். சுனாமியில் வள்ளமும் வீடும் போய், கிளிநொச்சியில் தமக்கையின் காணியில் கொட்டில் போட்டு இருந்தார். கணவர் அன்ரன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவர் அங்கே ஒரு கடையில் கணினிக்கு முன்னால் வந்து இருப்பார், இவர் இங்கே இருப்பார். கமராவில் முகம் கோடு கோடாக உடைந்து வரும். இருவரும் பாதி நேரம் "கேக்குதோ? கேக்குதோ?" என்றே கதைப்பார்கள்.

அக்காவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. தமிழையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் ஒருநாளும் என்னைக் கூப்பிடமாட்டார். கீழ்மூலை, மேலே மூன்றாவது, வலப்பக்கம் திரும்பு, அன்ரனைக் காட்டும் மஞ்சள் முகம். அவ்வளவுதான் வழி. ஒருமுறை, எப்படி இவ்வளவு கெட்டித்தனமாகப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கடலுக்குள்ள எழுத்தே எழுதிக் கிடக்கு? கரைக்கு வரேக்க கோயில் கோபுரத்தைப் பாக்கிறது, பக்கத்துப் பனையைப் பாக்கிறது. ரெண்டும் ஒரு நேருக்கு வந்தால் அது எங்கட துறை. இதுவும் அப்பிடித்தான் பிள்ளை."

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நானா கொழும்பிலிருந்து இறுவட்டுகளோடு வந்து இறங்கினார். சனி, ஞாயிறு முழுக்க இருந்து ஐந்து கணினிகளையும் மாற்றினார். திங்கள் காலை கடைக்குள் போனால் கண் கூசியது. நீலக் கரை, பச்சைப் பொத்தான், பென்னாம்பெரிய சிவப்புப் பெருக்கல் அடையாளம். பின்னால் ஒரு பச்சை மேடும் நீல வானமும். உங்களுக்கும் அந்தப் படம் நினைவிருக்கும்.

"எப்பிடி தங்கச்சி? உலகம் இப்ப இதிலதான் போகுது" என்றார் நானா, புது மாப்பிள்ளை போல.

உலகம் போனது. கிளிநொச்சி போகவில்லை. கண்டாவளையிலிருந்து சைக்கிளில் வரும், கிராம அலுவலராக இருந்து இளைப்பாறிய விதானையார்தான் முதல் ஆள். தன் ஊர் வாய்க்காலைப் பற்றி அரச அதிபருக்கு ஒற்றை விரலால் முறைப்பாடு அடிப்பதே அவர் தொழில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன, கொம்பியூட்டரோ மிட்டாய்க் கடையோ?" பிறகு அந்தப் பச்சை மேட்டை உற்றுப் பார்த்தார். "ஆற்ற காணி இது? வரம்பும் இல்லை, வேலியும் இல்லை, ஒரு மாடும் இல்லை. இவ்வளவு புல்லை ஆர் சும்மா விட்டு வைச்சிருக்கிறான்?"

முறைப்பாடு முடிந்து கணினியை நிறுத்த வெளிக்கிட்டவர், 'தொடங்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த பச்சைப் பொத்தானில் வந்து நின்றுவிட்டார். "நிப்பாட்டுறதுக்கு ஏன் பிள்ளை தொடங்குறதை அமத்தோணும்?" பழையதிலும் அப்படித்தான் ஐயா என்றேன். அவர் நம்பவில்லை. "பழசில அது இவ்வளவு கத்திச் சொல்லேல்லை" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் துள்ளினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவரும் வந்து, திரையைப் பார்த்து, பிழையான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்கள் போலப் பின்வாங்கினார்கள். சிலர் புதுசு கெட்டுப்போய் வந்திருக்கிறது என்றார்கள். ஒருவர் வைரஸ் என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது, புதன்கிழமை வரும் வரைக்கும்.

அன்று யோசப்பின் அக்கா வழக்கம் போலத் தன் கதிரையில் இருந்தார். நான் ஒரு கலியாண அட்டையை அச்செடுத்துக்கொண்டிருந்தேன். கனநேரம் சத்தமில்லை என்று திரும்பிப் பார்த்தால், மவுஸைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. நான் ஓடிப்போய் மஞ்சள் முகத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் கட்டாரில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அன்ரன் வந்து, காத்திருந்து, போய்விட்டிருந்தார். அடுத்த புதன் வரைக்கும் அவருக்கு இங்கே என்ன நடந்ததென்று தெரியாது.

"என்ர கோபுரத்தை இடிச்சுப்போட்டீங்களே பிள்ளை" என்றார் அக்கா. கோபமாகக்கூட இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் புதுசின் உள்ளறைகளைக் கிண்டினேன். கடைசியில் ஒரு மூலையில் அது இருந்தது: பழைய தோற்றத்தைத் திரும்பப் போடும் வழி. செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, சனம் அழும் என்று. சொடுக்கினேன். பச்சை, நீலம், மிட்டாய் எல்லாம் போய்ச் சாம்பல் நிற மதில் திரும்பி வந்தது. அடுத்த புதன் அக்கா கோபுரத்தையும் பனையையும் கண்டுபிடித்துக் கரை சேர்ந்தார். விதானையார் அதையே கேட்டார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். நானா தலையில் கை வைத்தார். "கொழும்பு வரைக்கும் போய்ப் புதுப் பொம்பிளை கொண்டு வந்தன். நீ அவளுக்குக் கிழவியின்ர சேலையைச் சுத்தி விட்டிட்டாய்."

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கி, பாதை பூட்டியது.

ஒரு நாளில் பூட்டியது போல இப்போது சொல்கிறோம். அப்படி இல்லை. முதலில் ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம் பாதியும். திறக்கும், பூட்டும், திறக்கும் என்பார்கள். நானா அச்சு மை வாங்க வவுனியாவுக்குப் போனவர் அங்கேயே நின்றுபோனார். "ரெண்டு கிழமையில வாறன், கடையைப் பாத்துக்கொள் தங்கச்சி" என்று ஒரு தரம் தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு அந்தத் தொலைபேசியும் இல்லை. நான் கடையின் பக்க அறைக்குக் குடிபெயர்ந்தேன். இணையத்துக்காகக் கூரையிலிருந்த சற்றலைற் தட்டையும் ஒருநாள் இயக்கத்திலிருந்து வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். கணினிகள் இருந்தன, அவற்றுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

புதன்கிழமைகளில் அக்கா வருவதை நிறுத்தவில்லை. அன்ரன் அனுப்பிய படங்களும் நாலைந்து குரல் பதிவுகளும் கணினிக்குள் இருந்தன. அவற்றைப் போட்டுக் கேட்பார். "அனிற்றா படிக்கிறாளோ? சளி மாறிட்டுதோ?" என்று அந்தக் குரல் கேட்கும். அக்கா ஒவ்வொரு முறையும் பதில் சொல்லுவார்.

உள்ளேயிருந்து வெளியே போக அப்போது இயக்கத்தின் பாஸ் வேண்டும். இளவயதுக்காரருக்குப் பாஸ் இல்லை. வீட்டுக்கு ஒராள் இயக்கத்துக்கு வரவேண்டும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அண்ணா முன்பே போய்ச் சேர்ந்ததோடு எங்கள் வீட்டுக் கணக்கு தீர்ந்திருந்தது, அதனால் என்னை விட்டார்கள். யோசப்பின் அக்காவுக்கு அனிற்றா ஒரே பிள்ளை. அப்போதுதான் பதினாறு முடிந்திருந்தாள். பக்கத்துக் காணிப் பெட்டையைப் பள்ளிக்கூடத்தால் வரும்போது ஏற்றிக்கொண்டு போன அன்று மாலை, அக்கா மகளையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"வீடுகளுக்குள்ள பாக்கினம். கடைக்குள்ள பாக்கேல்லைத்தானே?" என்றார். கேள்வி அல்ல அது. "கொஞ்ச நாளைக்குப் பிள்ளை. ஒரு வழி பாக்கும் வரைக்கும்."

பின்னறையில் நானா கணினிகள் வந்த வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். அவருக்கு எதையும் எறிய மனம் வராது. அந்தப் பெட்டிகளை மதில் போல அடுக்கி, அதற்குப் பின்னால் ஒரு பாயும், ஒரு பழுதுபார்த்த கணினியும் வைத்தோம். புதுக் கடதாசி மட்டையும் வெள்ளை நுரைத் தகடும் கலந்த ஒரு மணம் இருக்குமே, அதற்குள்தான் அனிற்றா இருந்தாள். அக்கா படம் பார்க்க வருகிறவர் போலச் சோற்றுப் பார்சலோடு வந்து போவார். புதன்கிழமை மட்டும் வந்தவர் ஒவ்வொரு நாளும் வந்தால் சந்தேகம் வரும் என்று, சில நாள் நானே குசினியில் கஞ்சி காய்ச்சுவேன்.

அனிற்றா கரைப் பிள்ளை. அலைச்சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. அவள் சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். அந்தப் பிள்ளை இருமுவதற்குக்கூட ஒரு நேரம் பார்க்க வேண்டியிருந்தது. ஜெனரேற்றர் ஓடும்போது அசையலாம், மெல்லக் கதைக்கலாம், கணினியைப் போடலாம். அது நின்றால் அவளும் நிற்க வேண்டும். மண்ணெண்ணெய் குறையக் குறைய அவளுடைய நேரமும் குறைந்தது. மத்தியான வெக்கையில் கூரைத் தகரம் சடசடக்கும்போது, பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூச்சுக்கூடக் கேளாது. எனக்குத்தான் மூச்சு முட்டும். கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியை இழுத்தால் திடுக்கிடுவேன்.  அவள் அடைபட்டாள், அவளைக் காத்து நானும் அடைபட்டேன். எந்தப் பக்கத்துப் பெட்டி பெரிது என்று தெரியவில்லை.

கணினியில் அவள் முதலில் சீட்டு விளையாடினாள். பிறகு அதுவும் அலுத்தது. எல்லோரும் வெறுத்த அந்தப் புதுத் தோற்றம் பின்னறைக் கணினியில் அப்படியே கிடந்தது, அவளுக்கு அது பிடித்திருந்தது. "இதில கனக்கக் கதவு கிடக்கு அக்கா" என்றாள். நான் ஒரு கதவைத் திறந்து பழைய சேலையை எடுத்தேன். அவள் எல்லாக் கதவையும் திறந்தாள். நானாவின் இறுவட்டு ஒன்றிலிருந்து தமிழ் எழுத்தை உள்ளே ஏற்றினாள். பிறகு ஒவ்வொரு பெயராக மாற்றத் தொடங்கினாள். குப்பைக்கூடைக்குக் கீழே 'குப்பைக்கிடங்கு'. கணினிப் படத்துக்குக் கீழே 'எங்கட வீடு'. கோப்புகளுக்கு 'அலுமாரி'. அம்மா வந்து பார்க்கும் படங்களுக்கு 'அப்பா'. கடைக் கதவைச் சாத்திய பிறகு, ஜெனரேற்றர் நிற்க முன், முன்னறைக்கு வந்து மற்றக் கணினிகளையும் அப்படியே மாற்றினாள். பச்சைப் பொத்தானின் பெயரை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. அதில் அவளுக்குத் தீராத கோபம்.

அடுத்த முறை யோசப்பின் அக்கா கதிரையில் இருந்து, எழுத்துக்கூட்டி, "அப்... பா" என்று வாசித்தார். பிறகு பின்னறைப் பக்கம் திரும்பாமல் இருக்க மிகவும் பாடுபட்டார். விதானையார் 'அலுமாரி'யைக் கண்டு, "இப்பதான் இது மனிசர் பாவிக்கிற சாமான்" என்றார். "ஆர் செய்தது?" நான் என்றேன். பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் வேறு வழியில்லை. நான்தானே கொம்பியூட்டர் மிஸ்.

அந்தப் பொய் என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது தெரியுமா?

இயக்கத்தின் காரியாலயம் ஒன்றிலிருந்து அறிவித்தல் அச்செடுக்க ஒரு பெடியன் வருவார். வாணன் என்று பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் அதுவல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இருபத்தைந்து வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். அன்று அவரே கணினிக்கு முன்னால் இருந்து ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருந்தது. திரையைப் பார்த்தவர் அசையாமல் இருந்தார்.

"அக்கா, இதை ஆர் தமிழாக்கினது?"

"நான்தான் தம்பி."

"நல்லாக் கிடக்கு. எங்கட இடத்தில நாலு மிசின் நிக்குது. பெடியளுக்கு இங்கிலீசு ஓடாது, எனக்கும் அப்பிடித்தான். வந்து இதுமாதிரிச் செய்து தாறியளோ?"

எனக்கு அதில் ஒன்றுமே செய்யத் தெரியாது. "ஓம், நாளையண்டைக்கு வாறன்" என்று வாய் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் 'டப்' என்று ஒரு சத்தம். தன்னுடைய வேலையை ஒருவர் மெச்சுவதைக் கேட்டுப் பிள்ளை நிமிர்ந்திருக்கிறாள், தலை பெட்டியில் முட்டியிருக்கிறது.

வாணன் பின்னறைக் கதவைப் பார்த்தார். "அதென்ன?"

"எலி" என்றேன். "பெட்டியளுக்குள்ள எலி கூடிப்போச்சு."

அவர் தலையாட்டிவிட்டு, ஒற்றைக் கையால் கடதாசிகளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையும் அடுத்த நாளும் அனிற்றா எனக்குப் படிப்பித்தாள். என்னைப் போல மக்கு மாணவி அவளுக்குக் கிடைத்திருக்கமாட்டாள். "வலப்பக்கம் அமத்துங்கோ அக்கா. ஐயோ, வலப்பக்கம்!" என்று குசுகுசுத்த குரலில் பேசினாள். குசுகுசுத்துக்கொண்டு ஒருவரைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். வாணனுக்கு வலக்கை இல்லை, இடக்கையால் மவுஸோடு மல்லுக்கட்டுகிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அனிற்றா என் கையிலிருந்து மவுஸை வாங்கினாள்.

"இடக்கைக்காரருக்கும் அதுக்குள்ள ஒரு வழி வைச்சிருக்கிறாங்கள். ரெண்டு பக்கத்தையும் மாத்திப் போடலாம். அதையும் செய்து விடுங்கோ" என்றாள்.

யாருக்குப் பயந்து பெட்டிக்குப் பின்னால் இருக்கிறாளோ, அவர்களில் ஒருவருக்கு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அதில் ஒன்றும் புதினமாகத் தெரியவில்லை.

காரியாலயத்தில் நாலு கணினிகளையும் மாற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. மறந்துபோன படியை நினைவுக்குக் கொண்டுவர அடிக்கடி தண்ணீர் கேட்டேன். கடைசியாக வாணனுடைய மவுஸை மாற்றிவிட்டு, பிடித்துப் பாருங்கள் என்றேன். இடக்கையின் ஆட்காட்டி விரலால் சொடுக்கினார். திறந்தது. மூடினார். திரும்பவும் சொடுக்கினார். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். மிகச் சின்னப் பெடியன் முகம் அது.

"இவ்வளவு நாளும் வேற ஆற்றையோ செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தமாதிரி இருந்தது" என்றார்.

வாசல் வரை கூட வந்தார். வெயில் கொளுத்தியது. சுற்றிவர ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"கடையில எலி கூட எண்டியள். வாற கிழமையிலயிருந்து கடையளும் பாக்கப் போகினம். எலியை வேற எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ."

 சைக்கிளை மிதித்தது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் வீடு ஒட்டுசுட்டானில், காட்டோரம். யானைக்குப் பயந்து பொழுதுபட்டால் சனம் நடமாடாத இடம். அங்கே கொண்டுபோவதென்று முடிவாயிற்று. அடுத்த நாள் விடியப் பேருந்து. கலியாணம் முடித்தவர்களை இயக்கம் எடுப்பதில்லை என்று, யோசப்பின் அக்கா தன்னுடைய சேலை ஒன்றை மகளுக்குச் சுற்றிவிட்டார். பிறகு தன் கழுத்தில் கையை வைத்தார். தாலியைக் கழற்றி அனிற்றாவின் கழுத்தில் போட்டார்.

"அம்மா, அப்பா உயிரோட இருக்கேக்க கழட்டக் கூடாது" என்றாள் அனிற்றா.

"அந்த மனுசன் இதுக்குத்தான் கட்டினது எண்டு வை" என்றார் அக்கா. வெறுங்கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பேருந்துக்குக்கூட வராமல் திரும்பிப் போய்விட்டார்.

வழியில் பேருந்தை மறித்தார்கள். இயக்கத்துப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"இது ஆர்?"

"மச்சாள். என்ர அண்ணாவின்ர பொஞ்சாதி" என்றேன். இயக்கத்தில் அண்ணாவுக்கு வைத்திருந்த பெயரையும் சொன்னேன். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. ஒருத்தி அனிற்றாவின் தாலியைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அனிற்றாவின் வயதுதான் இருக்கும். "சரி, போங்கோ அக்கா" என்று இறங்கிவிட்டாள். அண்ணா அப்போது உயிரோடு இருந்தாரா என்று எங்களுக்கே தெரியாது. ஆனாலும் அன்று அவர் எங்களோடு அந்தப் பேருந்தில் வந்தார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

ஒட்டுசுட்டானில் அம்மாவோடு அனிற்றா ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். அங்கேயும் கிணற்றடிக்குக்கூடச் சேலையோடும் தாலியோடும்தான் போனாள். கடையை அவர்கள் வந்து பார்த்தார்கள். பெட்டிகளைச் சரித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆமி நெருங்கிவந்து கிளிநொச்சி காலியானபோது நான் கணினிகளின் உள்ளே இருந்த நினைவுத் தட்டுகளைக் கழற்றி ஒரு அரிசிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். பெட்டியைத் திறக்கப் பயந்த நான்தான். அன்ரனின் குரல் அதற்குள் இருந்தது. யோசப்பின் அக்காவும் எங்களோடு வந்து சேர்ந்தார். பிறகு நடந்ததையெல்லாம் நீங்கள் வேறு ஆட்களிடம் கேட்டிருப்பீர்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடம் மாறி, இடம் மாறி, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு பதுங்குகுழிக்குள் அந்த அரிசிப் பை புதைந்துபோயிற்று. அந்தக் குழிக்குள்ளேயே அம்மாவும் போனார். நாங்கள் மூன்று பேரும் தண்ணீருக்குள்ளால் நடந்து வெளியே வந்தோம்.

ஆமி எங்களை அடைத்து வைத்த முகாமுக்குள் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்க, அந்தப் பக்கம் அன்ரன் வந்து நின்றார். கட்டாரிலிருந்து வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். கமராவில் கோடு கோடாகத் தெரிந்த மனிதர் முழு முகத்தோடு நின்றார். மகளைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் கட்டிக் குடுத்திட்டியே?" என்றார் மனைவியிடம்.

யோசப்பின் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அழுகையாகும் வரை சிரித்தார். அனிற்றா தாலியைக் கழற்றிக் கம்பிக்கு ஊடாகத் தகப்பனிடம் நீட்டினாள். அவர் அதே கம்பிக்கு ஊடாக மனைவியின் கழுத்தில் போட்டுவிட்டார். காவலுக்கு நின்றவர்கூட மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் இப்போது திரும்பவும் முல்லைத்தீவுக் கரையில். அனிற்றாவுக்கு இரண்டு பிள்ளைகள். அவளுக்குக் கணினி வேலை எடுத்துத்தர ஒருமுறை முயன்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "புதுக் கொம்பியூட்டரைக் கண்டா அந்த மட்டைப்பெட்டி மணம் வருது அக்கா. எனக்கு வெளியில நிக்கோணும்." கரையில் மீன் தரம்பிரிக்கும் வாடியில் நிற்கிறாள். அவள் சிரிப்பது கடற்கரை முழுக்கக் கேட்கிறது.

ஜவாஹிர் நானா வவுனியாவில் கைப்பேசிக் கடை வைத்திருந்தார். போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உள்ளுக்க அடைபட்டாய், நான் வெளியில அடைபட்டன் தங்கச்சி" என்றார். கிளிநொச்சிக் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன வருடம் அவரும் போய்விட்டார்.

கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட மாடிக் கட்டடம். அண்ணாவைப் பற்றிக் கேட்க இடங்கள் இருந்தன. கேட்டேன், வரிசையில் நின்றேன், படத்தைக் காட்டினேன். பதில் இல்லை என்றாலும் கேட்பதற்கு ஒரு பெயர் இருந்தது. வாணனை நான் யாரிடம் கேட்பது? தாய் தகப்பன் வைத்த பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒருவேளை அவரைத் தேடும் தாய்க்கு வாணன் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வேலையாகக் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவர் இடக்கையால் தராசைப் பிடித்திருந்தார். வலது சட்டைக் கை மடித்துக் குத்தியிருந்தது. வயதும் சரியாக இருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். சனம் என்னை இடித்துக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும் அக்கா?"

அது வாணன் இல்லை. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.